எண்களை முழுதாக்கல்: அந்தமான் புள்ளிவிவரங்கள் கற்பிக்கும் பாடம்

தெற்கு அந்தமான் மாவட்டத்தின் தாலுகாக்களுள் ஒன்று பெரார்கஞ்ச். 1920-களில் அந்தமானின் முதன்மை ஆணையராக இருந்த பெரார் என்பவரின் பெயரால் அமைந்த ஊர் அது. அந்தமான் பெருவழிச் சாலை இவ்வூரைக் கடந்து ஜிர்காடாங்கை அடைகிறது. அங்கிருந்து ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதிக்குள் செல்கிறது.

இத்தாலுகாவின் ஒரு சிற்றூரில் கணக்கெடுப்பாளர் எழுதும் எண் ஒவ்வொன்றும் ஒரு மனிதரையோ ஒரு வீட்டையோ குறிக்கிறது. அதே எண் தாலுகா, மாவட்டம், யூனியன் பிரதேசம், நாடு என்று படிப்படியாக மேலேறும்போது ஆயிரங்களாகவும் இலட்சங்களாகவும் சதவிகிதங்களாகவும் சுருக்கப்படுகிறது. இவ்வாறு சுருக்குவதையே முழுதாக்கல் என்கிறோம். இன்று இப்பணியைப் பெரும்பாலும் கணினி நிரல்களே செய்கின்றன. நிரலில் ஒரே சொல்லால் முடிந்துவிடும் இச்செயலில் எத்தனை முடிவுகள் அடங்கியுள்ளன என்பதை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அந்தமான் நிக்கோபார் எண்களைக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

நான்கு வகைச் செயல்கள்

புதிதாக நிரல் எழுதக் கற்போர் முதலில் அறிய வேண்டியது, ஒரு பின்ன எண்ணை முழு எண்ணாக மாற்ற நான்கு வேறுபட்ட வழிகள் உள்ளன என்பதாகும். அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டு செல்வது ‘ரவுண்ட்’. தசமப் பகுதியை வெட்டி எறிவது ‘டிரங்க்’. கீழுள்ள முழு எண்ணுக்கு இறக்குவது ‘ஃப்ளோர்’. மேலுள்ள முழு எண்ணுக்கு ஏற்றுவது ‘சீலிங்’.

இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் பயன்படுத்துவது பெரும் பிழை. 2011-இல் இத்தீவுகளில் ஆண்கள் 2,02,871 பேர்; பெண்கள் 1,77,710 பேர். ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று வகுத்தால் 875.975 என்ற விடை கிடைக்கிறது. இதை முழுதாக்கினால் 876. அதுவே வெளியிடப்பட்ட பாலின விகிதம். தசமப் பகுதியை வெட்டினாலோ 875 என்று வரும். பல நிரல் மொழிகளில் ஒரு மதிப்பை ‘முழு எண்’ வகைக்கு மாற்றும்போது வெட்டுதலே நிகழ்கிறது, முழுதாக்கல் நிகழ்வதில்லை. இதை அறியாதவர் தயாரிக்கும் பட்டியல், அரசு வெளியிட்ட எண்ணுடன் ஒத்துப்போகாது.

எதிர்க்குறி எண்களில் வேறுபாடு மேலும் மிகும். −0.4 என்பதை வெட்டினால் சுழியம். ‘ஃப்ளோர்’ செய்தால் −1. வளர்ச்சி வீதங்களைக் கையாள்வோர் இதை மறத்தலாகாது.

வெட்டுதல் சிறு பிழைதானே என்று எண்ணலாம். கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982-இல் 1000 என்ற அடிப்படையில் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கியது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்குப் பின்னும் குறியீட்டெண் மறுபடி கணக்கிடப்பட்டு, மூன்று தசம இடங்களுக்கு அப்பாலுள்ளவை வெட்டப்பட்டன. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு நிகழ்ந்ததால், 1983 நவம்பரில் குறியீட்டெண் சுமார் 520 ஆகச் சரிந்து காணப்பட்டது. பிழையைத் திருத்திக் கணக்கிட்டபோது உண்மை மதிப்பு 1098.892 எனத் தெரிந்தது. பிழை எப்போதும் ஒரே திசையில் சென்றதே இதற்குக் காரணம்.

சரிபாதி வரும்போது

2.4 என்பது 2 ஆகும், 2.6 என்பது 3 ஆகும். இதில் ஐயமில்லை. 2.5 என்ன ஆகும்? பள்ளியில் நாம் கற்றது, ஐந்து வந்தால் மேலேற்ற வேண்டும் என்பது. எக்செல் விரிதாளின் ‘ரவுண்ட்’ அவ்வாறே 3 என்று விடை தரும். ஆனால் ஆர் மொழியும், பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பும் 2 என்று விடை தரும். 3.5-ஐக் கொடுத்தால் மூன்றுமே 4 என்கின்றன.

இது நிரல்களின் பிழையன்று. எண் சரிபாதியில் நின்றால் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டு செல்வது என்ற விதியை அவை பின்பற்றுகின்றன. இவ்விதி நமக்குப் புதியதும் அன்று. எண் மதிப்புகளை முழுதாக்குவதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2 : 1960 இதையே கூறியது. கணினி எண்களுக்காக 1985-இல் வகுக்கப்பட்ட ஐ.இ.இ.இ. 754 என்ற தரமும் இதையே இயல்பு விதியாகக் கொண்டது.

காரணம் எளியது. நான்கு நிலத்துண்டுகள் முறையே 0.5, 1.5, 2.5, 3.5 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8 ஹெக்டேர். எப்போதும் மேலேற்றினால் 1, 2, 3, 4 என்றாகி மொத்தம் 10 ஆகிவிடும். இரட்டை எண் விதிப்படி 0, 2, 2, 4 என்றாகி மொத்தம் 8 என்றே நிற்கும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடு செய்கின்றன.

ஆகவே எந்த விதி சிறந்தது என்பதைவிட, எந்த விதி பயன்படுத்தப்பட்டது என்பதை எழுதி வைப்பதே முக்கியம். ஒரே கணக்கை ஓர் அலுவலர் எக்செலிலும் மற்றவர் ஆர் மொழியிலும் செய்து, இறுதி இலக்கம் மாறுபடுவது கண்டு ஒருவரையொருவர் ஐயுறுதல் தேவையற்றது.

கணினியின் உள்ளே

பைத்தானில் 2.675 என்பதை இரண்டு தசம இடங்களுக்கு முழுதாக்கினால் 2.67 என்று வரும். மேலேற்றும் விதியானாலும் இரட்டை எண் விதியானாலும் 2.68 அல்லவா வர வேண்டும்?

கணினி எண்களை இரும முறையில் சேமிக்கிறது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீள்வது போல, பத்தில் ஒரு பங்கு இரும முறையில் முடிவின்றி நீள்கிறது. இடம் போதாமையால் அதை ஓரிடத்தில் நிறுத்த வேண்டியுள்ளது. அதனால் 2.675 என்று நாம் எழுதியது உள்ளே 2.67499999… என்ற மதிப்பாகவே நிற்கிறது. கணினியின் கண்ணில் அது சரிபாதிக்குச் சற்றுக் கீழே உள்ள எண். பணக் கணக்கில் இத்தகைய ஐயம் கூடாதெனில், தொகையைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாகவே வைத்துக்கொள்ளலாம். அல்லது பைத்தானின் ‘டெசிமல்’ போன்ற தசம எண் வசதியைப் பயன்படுத்தலாம்.

மற்றொன்றும் இங்கே கூறத்தக்கது. விரிதாளில் ஓர் எண்ணை ஒரு தசம இடத்துடன் காட்டுமாறு அமைப்பது வேறு. அம்மதிப்பையே மாற்றுவது வேறு. முன்னதில் தோற்றம் மட்டுமே மாறுகிறது. உள்ளிருக்கும் மதிப்பு அப்படியே இருக்கிறது. பின்னதில் இழந்த இலக்கங்கள் மீளா.

இடையில் முழுதாக்குவதன் தீங்கு

2001-இல் இத்தீவுகளின் மக்கள்தொகை 3,56,152; 2011-இல் 3,80,581. பத்தாண்டு வளர்ச்சி 6.86 சதவிகிதம். இரு எண்களையும் முதலில் ஆயிரங்களுக்கு முழுதாக்கி, 356, 381 என்று கொண்டு கணக்கிட்டால் 7.02 சதவிகிதம் வருகிறது. இலட்சங்களில் 3.6, 3.8 என்று கொண்டாலோ 5.56 சதவிகிதம். ஒரே மக்கள், ஒரே பத்தாண்டு. மூன்று வளர்ச்சி வீதங்கள்.

முழுதாக்கியதையே மறுபடி முழுதாக்குவது இதன் மற்றொரு வடிவம். 2011-இல் பட்டியல் பழங்குடியினர் 28,530 பேர். மொத்த மக்களில் 7.496 சதவிகிதம். மாவட்ட அறிக்கையில் இது 7.5 என்று சரியாகவே எழுதப்படுகிறது என்று கொள்வோம். அடுத்த அலுவலகம் அந்த 7.5-ஐ எடுத்து முழு எண்ணாக்கினால் 8 ஆகிவிடும். மூல எண்ணிலிருந்து நேரடியாகச் செய்தால் 7 தான் வரும். எட்டு சதவிகிதம் என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 30,446 பேர். உண்மையைவிட ஏறத்தாழ 1,900 பேர் மிகுதி. ஏழு என்று கொண்டாலும் ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. ஒரு தசம இடத்தை விட்டு வைத்திருந்தால் வேறுபாடு 14 பேர் மட்டுமே. எத்தனை தசம இடம் வேண்டும் என்பதை, எண் எப்பணிக்குப் பயன்படப்போகிறது என்பதே முடிவு செய்ய வேண்டும். முழுதாக்கலைப் படிப்படியாகச் செய்யாமல், மிக நுண்ணிய மதிப்பிலிருந்து ஒரே முறையில் செய்ய வேண்டும் என்று மேற்சொன்ன இந்தியத் தரமும் வலியுறுத்தியது.

கூட்டுத்தொகை 101 ஆகும்போது

மூன்று மாவட்டங்களின் பங்கைப் பார்ப்போம்.

தெற்கு அந்தமான்: 2,38,142 பேர், 62.573 சதவிகிதம்.
வடக்கு, மத்திய அந்தமான்: 1,05,597 பேர்; 27.746 சதவிகிதம்.
நிக்கோபார்: 36,842 பேர், 9.680 சதவிகிதம்.

முழு எண்களாக்கினால் 63, 28, 10. கூட்டுத்தொகை 101. கணக்கு தவறவில்லை, மூன்றும் மேலேறியதால் நேர்ந்தது இது. கூட்டுத்தொகையைச் சரிக்கட்ட ஏதோ ஓர் எண்ணில் ஒன்றைக் குறைத்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது எண்ணைத் திருத்துவதாகும். முழுதாக்கியதால் கூட்டுத்தொகை 100 ஆகாமல் இருக்கலாம் என்று அடிக்குறிப்பு இடுவதே நேர்மையான வழி.

நூறு நீர்த்தொட்டிகளை மாவட்டங்களுக்கு மக்கள்தொகைப்படி பிரிப்பது போன்ற வேளைகளில் மட்டும் மொத்தம் மாறக்கூடாது. அப்போது முதலில் முழுப் பகுதிகளான 62, 27, 9 ஆகியவற்றைக் கொடுத்து, எஞ்சிய இரண்டையும் பின்னப் பகுதி மிகுதியாக உள்ளோருக்கு அளிக்கலாம். வடக்கு, மத்திய அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் ஒவ்வொன்று கூடி, பங்கீடு 62, 28, 10 என்று நிறைவுறும்.

சுழியமும் இன்மையும்

2001-க்கும் 2011-க்கும் இடையில் வடக்கு, மத்திய அந்தமானின் மக்கள்தொகை 1,05,613-இலிருந்து 16 பேர் குறைந்தது, அதாவது −0.015 சதவிகிதம். பைத்தானில் ஒரு தசம இடத்திற்கு முழுதாக்கினால் ‘−0.0’ என்ற விசித்திரமான விடை கிடைக்கும். மாற்றமே இல்லை என்று இதைப் படிப்பதும் தவறு. குறைவு என்று பெரிதுபடுத்துவதும் தவறு. ‘மிகச் சொற்பம்’ என்று குறிப்பதே தகும். ஆழிப்பேரலை தாக்கிய 2004-ஆம் ஆண்டை உள்ளடக்கிய இதே பத்தாண்டில் நிக்கோபார் மாவட்டத்தின் மக்கள்தொகை 12.42 சதவிகிதம் குறைந்தது. மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்த ‘6.86 வளர்ச்சி’ என்ற ஒரே எண்ணில் இச்சரிவு மறைந்துவிடுகிறது.

நாட்டின் மக்கள்தொகையில் இத்தீவுகளின் பங்கு 0.03 சதவிகிதம். தேசியப் பட்டியலில் ஒரு தசம இடம் மட்டும் இருந்தால் அது 0.0 என்று அச்சாகும். மூன்று இலட்சத்து எண்பதாயிரம் மக்கள் அக்கட்டத்தில் காணாமற் போவர். தீவுகளுக்குள்ளேயே பார்த்தால், 2011 கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் 380, ஓங்கிகள் 101, அந்தமானியர் 44 பேர். நூறுகளுக்கு முழுதாக்கினால் 400, 100, 0. ஓர் இனமே சுழியமாகிறது. சுழியம் என்பது இன்மையைக் குறிக்க வேண்டுமேயன்றி, நம் அளவுகோலின் பருமையைக் குறிக்கலாகாது. முழு எண்ணாக எண்ணப்பட்ட மனிதர்களை முழு எண்ணாகவே வெளியிடுவது சிறு தொகுதிகளுக்குப் பொருந்தும் முறை.

எல்லைக்கோட்டில் நிற்கும் எண்கள்

முழுதாக்கிய எண்ணைக் கொண்டு தகுதியை முடிவு செய்தலாகாது. ஓரிடம் கணக்கெடுப்பு நகரமாக வகைப்படுத்தப்பட, குறைந்தது 5,000 மக்கள்தொகை, முதன்மை ஆண் தொழிலாளரில் 75 சதவிகிதமாவது வேளாண்மை சாராதோர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற அடர்த்தி ஆகியவை நிபந்தனைகள். பெரார்கஞ்ச் தாலுகாவைச் சேர்ந்த பம்பூஃபிளாட் 2011-இல் அவ்வாறு நகரமாகக் கொள்ளப்பட்டது. வேறோர் ஊரின் அடர்த்தி 399.6 என்று கொள்வோம். பட்டியலில் 400 என்று அச்சாகும். ஆயினும் நிபந்தனை நிறைவேறவில்லை. ஒப்பிடுதல் முதலில், முழுதாக்கல் பிறகு.

ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்–ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 1992-இல் நடந்த தேர்தலில் இது மெய்யாகவே நிகழ்ந்தது. அங்கே ஐந்து சதவிகித வாக்கு பெற்ற கட்சிக்கே இடம். பசுமைக் கட்சி 5.0 சதவிகிதம் பெற்றதாகக் கணினி அச்சிட்டது. உண்மையில் அது 4.97. பிழை அறியப்பட்டதும் கட்சி தன் இடங்களை இழந்தது. சட்டமன்றப் பெரும்பான்மையும் மாறியது.

கடைப்பிடிக்க வேண்டியவை

மேற்கூறியவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம். மூல மதிப்பை ஒருபோதும் அழிக்கலாகாது. முழுதாக்கிய மதிப்பைத் தனி நிரலில் வைக்க வேண்டும். கணக்கீடு அனைத்தும் மூல மதிப்பிலேயே நடைபெற வேண்டும். முழுதாக்கல் இறுதியில் ஒரே முறை நிகழ வேண்டும். எந்த விதி, எத்தனை தசம இடம் என்பதைப் பட்டியலின் அடியில் குறிக்க வேண்டும். 2.5, −2.5, 2.675 ஆகிய மூன்று எண்களைக் கொடுத்து, தம் நிரல் எவ்வாறு விடை தருகிறது என்பதை முதலிலேயே சோதித்தறிய வேண்டும். தகுதி வரம்புகளை மூல மதிப்புடனேயே ஒப்பிட வேண்டும்.

2027 மார்ச் முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்புக்கு 2025 ஜூனில் அறிவிக்கை வெளியாயிற்று. அதன் எண்களும் பெரார்கஞ்சின் சிற்றூர்களிலிருந்து தேசியப் பட்டியல் வரை அதே நெடும்பயணத்தை மேற்கொள்ளும். பத்துச் சிற்றூர்களில் தலா 0.4 ஹெக்டேர் புதிய பாக்குத் தோட்டம் இருந்து, ஒவ்வொன்றையும் தாலுகா எழுத்தர் சுழியமாக்கிவிட்டால், நான்கு ஹெக்டேர் தோட்டம் மாவட்டத் தலைமையகத்தை எட்டவே எட்டாது. அதற்கான உரமும் நிதியும் திரும்பி வரா. எண்ணின் பயணம் முடியும் இடத்தில்தான் அதை முழுதாக்க வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொருவரின் கடமையும், தம் கைக்கு வந்ததை வந்தவாறே அடுத்தவரிடம் சேர்ப்பதாகும்.