சம்பா நெல் பூக்குங் காலத்தை முன்னதாக நிச்சயித்தல்

செஞ்சிக் கோட்டையைத் தாங்கி நிற்கும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மலைகளைச் சூழ்ந்த கிராமங்களில் நன்செய் நிலங்கள் பெரும்பாலும் ஏரிப் பாய்ச்சலையும் கிணற்றுப் பாய்ச்சலையும் நம்பியவை. ஏரிகள் நிரம்புவது வடகிழக்குப் பருவமழையினாலாகும். இம்மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மிகுந்து, மார்கழியில் தணிந்து, தையில் ஓய்ந்துவிடுகிறது. ஆகையால் இப்பிரதேசத்துச் சம்பாப் பயிருக்கு இருபுறமும் அபாயமுண்டு. அடைமழையின் நடுவில் பூத்தால் மகரந்தம் நனைந்து கெட்டுப் பதர் மிகும். மிகவும் பிந்திப் பூத்தால், பால் பிடிக்குந் தருணத்தில் ஏரியில் நீர் குறைந்து மணி சிறுக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் பயிரைப் பூக்கச் செய்வதே சாகுபடியாளரின் முதற் கவலையாதல் வேண்டும். விதைக்கும் நாளை முதலில் குறித்துப் பூக்கும் நாளை விதியின்மேல் விடுவது முறையன்று. பூக்கும் நாளை முதலில் குறித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பதே முறை.

பகலின் அளவும் பயிரின் பூப்பும்

செடி பூப்பதற்கு வயது மாத்திரம் காரணமன்று. பிரெஞ்சு தேசத்து ஆராய்ச்சியாளர் தூர்நுவா என்பவர் 1912-ம் ஆண்டில் கஞ்சா இனச் செடியையும் ஹாப் கொடியையும் சோதித்து, பகல் குறுகினால் அவை விரைவில் பூக்கக் கண்டார். (கஞ்சாவை அனுமதியின்றிப் பயிரிடுவது நம் நாட்டில் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி குற்றமாகும் என்பதைக் கிராம அதிகாரிகள் அறிவர்.) 1920-ம் ஆண்டில் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இருவரும், கோடையில் பூவாமலே ஓங்கி வளர்ந்த ஒருவகைப் புகையிலையைப் பகலிற் சில மணி நேரம் இருட்டறையில் வைத்துப் பூக்கச் செய்து, இவ்விதியை நிலைநாட்டினர். 1938-ம் ஆண்டில் ஹாம்னர், பானர் என்போர், நம் ஊர்த் தரிசுகளிலும் முளைக்கும் மருளூமத்தையைக் கொண்டு சோதித்தனர். செடி உண்மையில் அளப்பது பகலையன்று, இடையறாத இரவையே என்றும், நள்ளிரவில் சிறிது நேரம் ஒளி பட்டாலும் பூப்பு தடைப்படும் என்றும் அவர்கள் காட்டினர்.

நெல்லும் குறும்பகலில் பூக்கும் இனத்தைச் சேர்ந்தது. செஞ்சியில் ஆண்டின் மிக நீண்ட பகல், ஜூன் 21-ந் தேதியை ஒட்டி, ஏறத்தாழ 12 மணி 51 நிமிடம். மிகக் குறுகிய பகல், டிசம்பர் 21-ந் தேதியை ஒட்டி, ஏறத்தாழ 11 மணி 24 நிமிடம். வேறுபாடு ஒன்றரை மணிக்கும் சற்றுக் குறைவு. மனிதர் பொருட்படுத்தாத இச்சிறு வேறுபாட்டை நெற்பயிர் தவறாது உணர்கிறது.

நாட்டு ரகங்களும் புது ரகங்களும்

மாப்பிள்ளைச் சம்பா முதலிய நெடுங்கால நாட்டு ரகங்கள் பல, பகலின் அளவை உணர்ந்து பூப்பவை. இவற்றை ஒரு மாதம் பிந்தி விதைத்தாலும் பூப்பு அவ்வளவு பிந்துவதில்லை. பயிர் தூர் கட்டும் காலமே குறைகிறது. கதிர் எண்ணிக்கையும் அதற்கேற்பக் குறைகிறது. மிக முந்தி விதைத்தாலோ, பயிர் வீணே உயர்ந்து, வைக்கோல் பெருகி, கார்த்திகைக் காற்றில் சாய்கிறது. ஆகவே இவ்வகை ரகங்களில், ‘எப்பொழுது பூக்கும்?’ என்னும் கேள்விக்குச் சூரியன் விடையளித்து விடுகிறது. ‘பூக்கத் தொடங்குமுன் பயிர் எவ்வளவு வளர்ந்திருக்க வேண்டும்?’ என்பதே நாம் தீர்மானிக்க வேண்டியது. நவரைக்கும் சொர்ணவாரிக்கும் இவ்வகை ரகங்கள் ஏற்றவையல்ல.

1966-ம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் தேசத்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 முதற்கொண்டு பரவிய குட்டை ரகங்களிற் பெரும்பாலானவை பகலின் அளவைப் பொருட்படுத்துவதில்லை. அவை நாட்கணக்கின்படியே பூப்பவை. இவற்றில் பூக்கும் நாள் முழுவதும் விதைப்பவர் கையில் இருக்கிறது; தவறினால் இழப்பும் அவருடையதே.

கணக்கிடும் விதம்

நம் போன்ற வெப்பப் பிரதேசத்தில், எந்த ரகமாயினும் கதிர்க்கரு தோன்றியதிலிருந்து பூப்பதற்கு ஏறத்தாழ 35 நாட்களும், பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 30 நாட்களும் ஆகின்றன. ரகத்துக்கு ரகம் வேறுபடுவது அதற்கு முந்திய வளர்ச்சிக் காலம் மாத்திரமே. ஆகையால் நாட்கணக்கின்படி பூக்கும் ரகத்தின் மொத்த வயதில் 30-ஐக் கழித்தால், விதைப்பிலிருந்து பூப்பு வரையுள்ள நாட்கள் கிடைக்கும்.

மழையின் கடுமை தணியும் டிசம்பர் 15-ந் தேதியை, அதாவது கார்த்திகைக் கடைசியை, பூக்கும் நாளாகக் கொள்வோமாயின், நாற்றங்காலில் விதைக்க வேண்டிய நாட்கள் வருமாறு:

155 நாள் ரகம் – ஆகஸ்டு 12
135 நாள் ரகம் – செப்டம்பர் 1
110 நாள் ரகம் – செப்டம்பர் 26

மூன்றிலும் கதிர்க்கரு தோன்றுவது நவம்பர் 10-ந் தேதியை ஒட்டியும், அறுவடை ஜனவரி நடுவில், பொங்கலை ஒட்டியும் அமையும். தாழ்ந்த வயல்களில் நீர் வடியத் தாமதமாகுமாயின் ஒரு வாரம் பிந்தலாம். ஏரி நீர் தை வரை நில்லாத கடைமடையில், கிணற்றுதவியும் இல்லையாயின், நீண்ட கால ரகத்தைப் பிந்தி விதைப்பதைவிடக் குறுகிய கால ரகத்தைத் தேர்ந்துகொள்ளுதல் உத்தமம்.

கதிர்க்கருவைக் கண்டறிதல்

கணக்கு வழிகாட்டுமேயன்றி முடிவு கூறாது. குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே, வயலின் பல பக்கங்களில் தாய்த் தண்டுகள் சிலவற்றைப் பிடுங்கி, அடியிலிருந்து நீளவாக்கில் கூரிய கத்தியாற் பிளந்து பார்க்க வேண்டும். மேற்கணுவுக்கு மேல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், இறகு போன்ற வெண்ணிற நுனி காணப்படின் அதுவே கதிர்க்கரு. பார்த்த தண்டுகளிற் பாதிக்கு மேல் இது தென்படுமாயின் பயிர் பூப்புக்குத் திரும்பிவிட்டதென்று கொள்ளலாம். மேலுரத்தின் ஒரு பகுதியை இத்தருணத்தில் இடுவது மணிகளின் எண்ணிக்கையைப் பெருக்கும். இந்நாள் முதல் பூப்பு முடியும் வரை வயல் ஒரு நாளும் காயலாகாது. நெற்பூ முற்பகலில் சிறிது நேரமே திறந்திருப்பதால், பூக்கும் நாட்களில் அவ்வேளையில் மருந்து தெளித்தல் கூடாது.

விளக்கொளியினால் நேரும் கெடுதி

ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக் குடில்களில் சாமந்தி பயிரிடுவோர், செடி வேண்டிய உயரம் வளரும் வரை இரவில் விளக்கேற்றிப் பூப்பைத் தடுத்து, பின்னர்க் கருந்துணியால் மூடி இருளை நீட்டிப் பூக்கச் செய்கின்றனர். அவர்கள் வேண்டுமென்றே செய்வது, தெருவிளக்கினால் நம் வயலில் வேண்டாமலே நேரக்கூடும். பகலின் அளவை உணரும் ரகத்தில், விளக்கினடியிலுள்ள பாத்தி மாத்திரம் பசுமையாய் நின்று பிந்திக் கதிர் வாங்குமாயின், அதனை நோயென்றோ உரக்குறையென்றோ எண்ணி மருந்துக்குச் செலவிட வேண்டாம். விளக்கின் ஒளி வயலின்மேற் படாதவாறு மறைப்பிட ஏற்பாடு செய்தலே பரிகாரம்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

ஓர் ஏரியின் ஆயக்கட்டில் ஒருவர் பயிர் பூக்கையில் மற்றவர் பயிர் தூர் கட்டிக்கொண்டிருப்பின், மதகை மூடவும் முடியாது, திறந்து வைக்கவும் முடியாது. கடைசியில் பூத்தவருக்கு நீர் இராது. பறவைகளும் பூச்சிகளும் முந்திய வயலிலிருந்து பிந்திய வயலுக்கு மாறி மாறி இரை தேடும். ஆகையால் ஆடி மாதத்திலேயே ஆயக்கட்டுதாரர்களைக் கூட்டி, பூக்கும் வாரம் ஒன்றைப் பொதுவாகக் குறித்து, அவரவர் ரகத்துக்கேற்ற விதைப்பு நாளை அறிவித்தல் நலம். ஒவ்வொரு ஆண்டும் விதைத்த நாள், பூத்த நாள், மழை ஓய்ந்த நாள், ஏரி வற்றிய நாள் ஆகிய நான்கையும் கிராமத்தில் ஒரு புத்தகத்தில் குறித்து வருதல் வேண்டும். ஐந்தாறு ஆண்டுகளின் குறிப்பு சேருமாயின், அந்த ஏரிக்குரிய பட்டம் இன்னதென்று அப்புத்தகமே தெளிவாகக் கூறும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் மூட்டையில் மணி நிறைந்திருப்பதும் பதர் நிறைந்திருப்பதும், பெரும்பாலும் ஆடி ஆவணியில் செய்யும் இத்தீர்மானத்தைப் பொறுத்ததேயாகும்.