வால்வு நேரம்: யாருக்கு எந்த என்ஜின்?

பெட்ரோல் என்ஜினில் பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்ட பிறகும் இன்லெட் வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கும். என்ஜின் வேகமாகச் சுழலும்போது, பாய்ந்து வரும் காற்று தன் உந்தத்தாலேயே உள்ளே நுழைந்துகொண்டிருப்பதால் இந்தத் தாமதம் சிலிண்டரை நன்றாக நிரப்புகிறது. மெதுவாகச் சுழலும்போதோ, மேலேறும் பிஸ்டன் அதே காற்றைத் திருப்பித் தள்ளிவிடுகிறது, இழுவை குறைகிறது. இரண்டு வேகத்துக்கும் ஒரே நேரம் பொருந்தாது என்பதால்தான் வால்வு நேரத்தை மாற்றும் முறை பிறந்தது. விற்பனைக்கு வந்த கார்களில் 1980-ல் ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் இதை முதலில் பெற்றது.

இன்று வாங்குபவர் முன் முக்கியமாக மூன்று வகைகள் இருக்கின்றன. முதலாவது, இன்லெட் கேம்ஷாஃப்டை மட்டும் ஆயில் அழுத்தத்தால் முன்பின் திருப்புவது. இரண்டாவது, எக்ஸாஸ்ட் கேமையும் சேர்த்துத் திருப்புவது. ஹூண்டாய் கிராண்ட் ஐ10-இன் 1.2 லிட்டர் கப்பா பெட்ரோல் என்ஜின் இவ்வகை. இவை இரண்டும் நகர ஓட்டத்துக்குப் போதுமானவை. மூன்றாவது, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வேறொரு உயரமான கேமுக்குத் தாவுவது.

இளைஞர்கள் மயங்குவது இந்த மூன்றாவதில்தான். 1989-ல் ஹோண்டா இன்டெக்ராவில் வந்த, இம்முறையில் இயங்கும் 1.6 லிட்டர் விடெக் என்ஜின் 160 குதிரைத்திறன் தந்தது உண்மை. ஆனால் அந்தத் திறன் கிடைத்தது 7,600 ஆர்பிஎம்மில். உச்ச டார்க் 7,000-ல். சிக்னலுக்குச் சிக்னல் 2,000-க்கும் 3,000-க்கும் இடையே ஓட்டுபவர் அந்த உயரமான கேமைத் தொடுவதே இல்லை. இதைவிட மோசம், நண்பர்கள் பேச்சைக் கேட்டு, நன்றாக ஓடும் காரில் பந்தயக் கேமை மாற்றிப் பொருத்துவது. இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடுவதால் ஐட்லிங் தடுமாறும், கீழ்வேக இழுவை போகும், பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் குறையும். மறுபக்கம், பெற்றோர் சொல்லும் மைலேஜ் எண்ணை மட்டும் நம்பி வாங்குவதும் அரைகுறைத் தேர்வே.

மலைப்பாதையில் சுமையோடு போகிறவருக்கும் நகரத்துக்குள் ஓடுகிறவருக்கும் இரண்டு கேமும் திரும்பும் என்ஜினே சிறந்தது. வாங்கும்முன் எத்தனை ஆர்பிஎம்மில் உச்ச டார்க் வருகிறது என்று பார்க்க வேண்டும்; குதிரைத்திறன் அதற்கு அடுத்தது. கேமைத் திருப்புவது ஆயில் என்பதால், அழுக்கேறிய ஆயில் தான் செல்லும் வழிகளை அடைத்துவிடும். குறித்த காலத்தில், குறித்த தரத்தில் அதை மாற்றியே ஆக வேண்டும்.

எந்தத் தேர்வுக்கும் இதுவே விதி. உங்கள் பாதையும் உங்கள் இயல்பும் எவை என்று அறிந்து, பொறுமையாகப் படித்து, ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள். ஊர் புகழும் பெயருக்காக எதையும் வாங்காதீர்கள்.