பின்னால் போன செயலி எதைக் காட்டுகிறது?

கிள்ளானில் எங்கள் கோயில் இளைஞர் பிரிவுக்கு நான் ஒரு சின்ன செயலி செய்தேன். அன்னதானத் தொண்டர்களின் விவரமும் நன்கொடை ரசீதும் அதில் இருக்கும். காப்புறுதிக்காகத் தொண்டர்களின் ஐசி எண்ணையும் பதிந்தோம்.

ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸ் போகும் வழியில், கேடிஎம் ரயிலில் நின்றபடி வாட்ஸ்அப்புக்கு மாறத் திரையை மேலே தள்ளினேன். திறந்திருந்த செயலிகள் வரிசையாக வந்தன. பக்கத்தில் நின்ற தோழி, "டேய், யாரோட ஐசி அது?" என்றாள். ஓர் அக்காவின் பெயரும் எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. செயலிக்குக் கடவுச்சொல் வைத்திருந்தேன், என்ன புண்ணியம்? அக்காவிடம் போய்ச் சொன்னேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். நியாயம்தான். அந்த 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த இடம்.

செயலி பின்னணிக்குப் போகும்போது, கைப்பேசி அதன் கடைசித் திரையைப் படமாக எடுத்து வைக்கிறது. வரிசையில் நாம் பார்ப்பது அந்தப் படத்தை. அதனால் செயலியின் பூட்டு அங்கே உதவாது.

ஆண்ட்ராய்டில் 'ஃபிளாக் செக்யூர்' என்று ஒரே வரி போதும், அந்தப் படம் வெறுமையாகிவிடும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்க முடியாது. நான் அவசரப்பட்டு எல்லாத் திரைக்கும் போட்டுவிட்டேன். மறுநாளே, "தம்பி, ரசீதைப் படம் புடிச்சு அனுப்ப முடியலையே" என்று போன் வந்தது. பிறகு தொண்டர் பட்டியலுக்கு மட்டும் வைத்தேன். ஆண்ட்ராய்டு 13 முதல், அந்த வரிசைப் படத்தை மட்டும் தடுக்கத் தனிக் கட்டளை உண்டு: 'செட் ரீசென்ட்ஸ் ஸ்கிரீன்ஷாட் எனேபிள்டு'. அதற்கு 'ஃபால்ஸ்' கொடுக்க வேண்டும்.

ஐபோனில்தான் கொஞ்சம் வேலை. அங்கே இப்படி ஒரு வரி கிடையாது, நாமே திரைமேல் ஒரு மூடி போட வேண்டும். எப்போது என்பதுதான் முக்கியம். 'டிட் என்டர் பேக்ரவுண்ட்' வரை காத்திருந்தால், எடுத்து வைக்கும் படம் மறைந்துவிடும். ஆனால் விரலால் தள்ளிய அந்த நொடியில் பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவார். ஆகவே 'வில் ரிசைன் ஆக்டிவ்' வரும்போதே போடுங்கள், 'டிட் பிகம் ஆக்டிவ்' வந்ததும் எடுங்கள். மேலிருந்து கன்ட்ரோல் சென்டரை இழுத்தாலும் மூடி வரும், பரவாயில்லை. மெல்ல மங்கி மூடும் அழகெல்லாம் இங்கே வேண்டாம், பாதி மூடியபடியே படம் பதிந்துவிடலாம்.

ஃபிளட்டரில் எழுதினாலும் இது தானாக வராது. இரண்டு வகைக் கைப்பேசியிலும் தள்ளிப் பாருங்கள்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் அக்கா கேட்டார்: "பட்டியல்ல முழு எண் எதுக்குப்பா?" பதில் இல்லை. இப்போது கடைசி 4 இலக்கங்கள் மட்டும்தான் தெரியும்.