மாரிக்கு முன் முடிக்க வேண்டியவை

உயர்தரம் 2025: ஆகஸ்ட் மாத ஆலோசனை

கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. வாடை வீசும்போது நீங்கள் பரீட்சை மண்டபத்தில் இருப்பீர்கள். நவம்பர் 10 முதல் டிசம்பர் 5 வரை பரீட்சை. எங்கள் கரையோரத்தில் அது அடைமழைக் காலம். சென்ற வருடம் நவம்பர் 25இல் தொடங்கிய பரீட்சை இரண்டு நாள் நடந்ததும் வெள்ளத்தால் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4இல்தான் திரும்பத் தொடங்கியது. ஆகவே கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பிள்ளைகள் நவம்பரைப் படிக்கும் மாதமாக எண்ணிவிட வேண்டாம். கரண்ட் போகும், முற்றத்துத் தண்ணீர் உள்ளே வரும், வீட்டில் ஆளுக்கொரு வேலை இருக்கும். பாடத்திட்டத்தைச் செப்டம்பருக்குள் முடித்து, ஒக்டோபரை வினாத்தாளுக்கு விடுங்கள்.

இதற்குப் பெரிய தடை ரியூசன்தான். காலையில் தியரி, பின்னேரம் ரிவிஷன், இரவில் சூம். கேட்டுக்கொண்டே இருந்தால் படித்தது போலத் தோன்றும், அவ்வளவுதான். ஒரு பாடத்துக்கு ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு மற்றதை இந்த வாரமே நிறுத்துங்கள். கட்டிய காசு வீணாகிறதே என்று வாப்பா முகம் சுளிக்கலாம். பரவாயில்லை, பேசிப் பாருங்கள்.

மிச்சமாகும் நேரத்தில் மணிக்கூட்டை முன்னால் வைத்துக் கடந்தகால வினாத்தாள்களைச் செய்யுங்கள். பௌதிகவியல் இரண்டாம் பத்திரத்தில் நான்கு அமைப்புக் கட்டுரை, பிறகு ஆறில் நான்கு கட்டுரை, எல்லாம் மூன்று மணித்தியாலத்தில். எழுதிப் பழகாத கைக்கு அந்த வேகம் வராது. எழுதியதும் பரீட்சைத் திணைக்களம் வெளியிட்ட புள்ளியிடும் திட்டத்தை எடுத்து நீங்களே திருத்துங்கள். கலைப்பிரிவில் இதை யாரும் பெரிதாகச் செய்வதில்லை. பக்கம் பக்கமாக எழுதிவிட்டுப் புள்ளி எங்கே போனது என்று பிறகு தேடுவது அவர்கள்தான்.

‘அம்பாறை பின்தங்கிய மாவட்டம், குறைந்த இசட் புள்ளிக்கும் கெம்பஸ் கிடைக்கும்’ என்று சொல்பவர்கள் உண்டு. மாவட்ட அடிப்படையில் 55 சதவீதமும், பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 சதவீதமும் ஒதுக்கப்படுவது உண்மைதான். ஆனால் அந்த இடங்களுக்குச் சம்மாந்துறை, அக்கரைப்பற்று, அம்பாறை நகரப் பிள்ளைகளும்தான் போட்டியிடுகிறார்கள். கலைப்பிரிவிலோ பெரும்பாலான பாடநெறிகளுக்கு அகில இலங்கைத் தரவரிசையே.

அடையாள அட்டை இன்னும் வராதவர்கள் நாளைக்கே பாடசாலை அலுவலகத்தில் விசாரியுங்கள். பரீட்சை காலை 8.30க்கு. இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து பழகியவர்கள் இப்போதிருந்தே சுபஹுக்குப் பின் எழுதிப் பழக வேண்டும். உம்மாமார் அந்த நேரத்தில் கடைக்கு அனுப்பாமல் இருந்தால் பெரிய உதவி.

வீதி விஷயத்தில் விளையாட வேண்டாம். 2024 நவம்பர் 26இல் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில்தான். அந்தப் பக்கமிருந்து கல்முனைக்கு வந்து எழுதுகிறவர்கள் பரீட்சை முடியும்வரை சாச்சி வீட்டிலோ மாமி வீட்டிலோ தங்க இப்போதே சொல்லிவையுங்கள். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் தண்ணீர் புகாத பையில் போட்டு உயரத்தில் வையுங்கள். பரீட்சை தள்ளிப்போனதாக வட்ஸ்அப்பில் வந்தால் 1911க்கு எடுத்து திணைக்களத்திடம் கேளுங்கள். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.