புளியும் ஆசிட்டும்
(பத்தாம் வகுப்பு அறிவியல் – உலோக அரிமானம்: வகுப்பறைக்கு ஒரு பாடத்திட்டம்)

துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் பகுதி டோல்கேட். உலோக அரிமானம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்தான். மாமாவின் ரேடியேட்டர் பட்டறைக்குத் தினமும் சாப்பாடு கொண்டுபோகிறவன்.

"ஆசிட் உலோகத்தை அரிக்கும்னு சொல்றீங்க சார். அப்புறம் ஏன் ஆசிட் தடவிப் பத்தவைக்கிறாங்க?"

அன்றைய பாடம் அந்தக் கேள்வியில் இருந்தே தொடங்கியது.

ஏன் தடவுகிறார்கள்?

தாமிரத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். உருகிய பற்றாசு அதன்மேல் ஒட்டாது. முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். படலத்தை நீக்கவும், சூட்டில் அது மீண்டும் உருவாகாமல் தடுக்கவும் தடவப்படுவதே இளக்கி. பொற்கொல்லருக்கு வெங்காரம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவருக்கு நவச்சாரம், மின்னணுப் பலகைக்கு ரோசின் என இளக்கிகள் பல. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டுத் தயாரிக்கும் துத்தநாகக் குளோரைடு கரைசலைத்தான் பட்டறையில் 'ஆசிட்' என்கிறார்கள்.

துத்தநாகம் + ஹைட்ரோகுளோரிக் அமிலம் → துத்தநாகக் குளோரைடு + ஹைட்ரஜன்

வெளியேறும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எப்போது அரிக்கும்?

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய பின் கழுவாமல் விடுவோமா? விட்டால் களிம்பு ஏறும். இளக்கியும் அப்படியே. வேலை முடிந்த பின்னும் தங்கிவிட்டால் குளோரைடு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; மெல்ல மெல்ல உலோகத்தைக் குழிகுழியாக அரிக்கும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் பிவிசி குழாய்களே. அவற்றைப் பசையால் ஒட்டுகிறோம். தாமிரக் குழாய்களைப் பற்றவைத்துத் தண்ணீர் கொண்டுசெல்லும் இடங்களில் இந்தச் சிக்கல் கூடுதல். அளவுக்கு மீறித் தடவிய இளக்கி குழாயின் உட்புறம் வழிந்துவிடும். வெளியே துடைத்தாலும் அது போகாது. எனவே மெல்லிய பூச்சாகத் தடவுவதும், இணைப்பு ஆறியதும் உள்ளே தண்ணீரை வேகமாக ஓடவிட்டு அலசுவதும் முறை. டோல்கேட்டில் கடற்காற்றும் உப்பைக் கொண்டுவருகிறது. வெளிப்புற இணைப்புகளையும் கழுவித் துடைப்பது இங்கே இன்னும் அவசியம்.

எந்த ஈயம்?

பேச்சு வழக்கில் இரண்டு உலோகங்களை 'ஈயம்' என்கிறோம். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். பழைய பற்றாசில் அதனுடன் கலந்திருப்பது காரீயம். இது நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குடிநீர்க் குழாய்களில் காரீயப் பற்றாசைப் பயன்படுத்த அமெரிக்கா 1986இல் தடை விதித்தது. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் காரீயம் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

செயல்பாடு

ஆசிட்டோ நெருப்போ வேண்டாம். மூன்று தாமிரக் கம்பித் துண்டுகள் போதும்.

1. முதல் துண்டை அப்படியே வையுங்கள்.
2. மற்ற இரண்டிலும் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவிப் பளபளப்பாக்குங்கள்.
3. அவற்றில் ஒன்றை நன்கு கழுவித் துடையுங்கள்; மற்றொன்றைக் கழுவாமல் விடுங்கள்.
4. ஒரு வாரம் தினமும் பார்த்துக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள்.

கழுவாத துண்டில் பச்சை படிவதை மாணவர்களே கண்டு சொல்வார்கள். முடிந்ததும் அனைவரும் கை கழுவ வேண்டும்.

வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவை

• ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கக் கூடாது.
• பற்றவைக்கும்போது எழும் புகை மூச்சுக்குழலை எரிச்சலூட்டும். ரோசின் புகை ஆஸ்துமாவையும் வரவழைக்கலாம். காற்றோட்டமும் கண்ணாடியும் கையுறையும் தேவை.
• கண்ணிலோ தோலிலோ பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

மதிப்பீடு

பற்றவைக்க உதவிய பொருளே பிறகு ஏன் குழாயை அரிக்கிறது? வீட்டில் பெரியவர் ஒருவருக்கு விளக்குவது போல ஐந்து வரிகளில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட மாணவன் அந்த வாரமே மாமாவின் பட்டறையில் இருந்த ஆசிட் பாட்டிலில் சிவப்பு எழுத்தில் 'குடிக்காதே' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தான். "பாட்டிலையே மாத்தச் சொல்லுப்பா" என்றேன். மறுநாள் அதையும் செய்துவிட்டுத்தான் வகுப்புக்கு வந்தான்.