தொண்டையில் உருண்டை நிற்பது போன்ற உணர்ச்சி

கொல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள கார்டன் ரீச், கப்பல் கட்டும் தளமும் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகமும் அமைந்த பகுதியாகும். இத்தகைய தொழிற்பகுதிகளில் இரவு முறை வேலை செய்வோர் அகாலத்தில் உண்டு, உடனே படுத்துவிடுவதுண்டு. அவர்களுள் ஒருவர், “தொண்டையில் ஏதோ உருண்டை நிற்கிறது; விழுங்கினாலும் இறங்கவில்லை, காறினாலும் வரவில்லை” என்று முறையிட்டால், அவர் உண்ணும் நேரத்தையும் விசாரித்தல் வேண்டும்.

முற்காலத்து மேனாட்டு மருத்துவர்கள் இதனைப் பெண்களுக்குரிய மனக்கோளாறு என்று எண்ணினர். 1968இல் மால்கம்சன் என்னும் மருத்துவர், அக்கருத்தைக் குறிக்கும் பழைய பெயரை விடுத்துத் தொண்டையை மட்டும் குறிக்கும் பெயரை வழங்கலாம் என்றார். இவ்வுணர்ச்சி ஆண், பெண் இருபாலாருக்கும் உண்டாகிறது.

உணவுக்குழலும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. அது தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலெழுந்து தொண்டையை உறுத்தலாம். உணவுக்குழலின் மேல்வாயிலுள்ள தசையும் இறுகலாம். நெஞ்செரிச்சல் இல்லாதவர்க்கும் இது நேரக்கூடும். மூக்கிலிருந்து தொண்டைக்குள் வடியும் சளி, புகைபிடித்தல், மனக்கவலை, தைராய்டு சுரப்பியின் வீக்கம், ஓயாமல் தொண்டையைக் கனைக்கும் பழக்கம் ஆகியவையும் காரணமாகலாம். ஆசிரியர்கள் கனைப்பதற்குப் பதிலாகச் சிறிது தண்ணீர் அருந்துவது நன்று.

மீன் உண்ட பின் திடீரெனக் குத்தல் தோன்றினால், முள் சிக்கியிருக்கலாம். சோற்றுருண்டையை விழுங்கி அதனைத் தள்ள முயலலாகாது, மருத்துவரிடம் செல்க.

களப்பணியாளர் கேட்க வேண்டிய முதற்கேள்வி இது: “உமிழ்நீரை விழுங்கும்போது மட்டும் தடை தெரிகிறதா? அன்றிச் சோறும் இறங்க மறுக்கிறதா?” உமிழ்நீரை விழுங்கும்போது மட்டும் தோன்றி, உணவு உண்கையில் மறைந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டுவதில்லை. உணவு சிக்குதல், விழுங்குகையில் வலி, எடை குறைதல், மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்முதல், கழுத்தில் கட்டி, உமிழ்நீரில் இரத்தம், ஒரு பக்கத்தில் மட்டும் நீடிக்கும் வலி ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புக. புகையிலை, பீடி, பாக்கு பழகியவர்களிடம் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மிகுதி. இரத்தசோகையுள்ள பெண்களுக்கு உணவுக்குழலின் மேற்பகுதியில் மெல்லிய சவ்வு வளர்ந்தும் உணவு தடைப்படலாம்.

அபாய அறிகுறிகள் இல்லாதோர், உண்டபின் மூன்று மணி நேரம் கழித்துப் படுத்தல், கட்டிலின் தலைப்பக்கத்தைச் சுமார் 15 சென்டிமீட்டர் உயர்த்துதல், புகையிலையை விடுதல் ஆகியவற்றைக் கைக்கொள்ளலாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்து எல்லோருக்கும் பயன் தருவதில்லை. ஆகவே அதனை மருத்துவர் சொற்படியே உட்கொள்ள வேண்டும். “எல்லாம் மனப்பிரமை” என்று தள்ளுவதும், புற்றுநோய் என்று அச்சுறுத்துவதும் ஒருங்கே தவறு.