வசூல் பையைத் துவைக்கும் முறை

வெள்ளக்கோவில், ஊதியூர் என்று லைன் வசூலுக்குப் போகும் பையன்களின் முதுகுப் பையை நம்மில் எத்தனை பேர் திறந்து பார்க்கிறோம்? சென்ற ஐப்பசி மழையில் நனைந்த பையைத் தீபாவளி அவசரத்தில் அப்படியே பரணில் போட்டுவிட்டோம். நான்கு நாள் கழித்துத் திறந்தால் பூஞ்சை வாடை. சிட்டைகளில் மை ஊறி, இரண்டு கடைகளின் பாக்கி தெரியவில்லை. அவர்கள் சொன்ன தொகையையே எழுதிக்கொண்டோம்.

துவைக்கும் முன் எல்லா அறைகளையும் காலி செய்து, தலைகீழாகத் தட்ட வேண்டும். தையல் ஓரத்தில் சர்க்கரை தங்கினால் எறும்பு வரும்.

எண்ணெய்க் கறை இல்லாத பை காங்கேயத்தில் ஏது? கறைமேல் அரிசி மாவு தூவி, ஒரு மணி நேரம் கழித்துத் தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பைப் பழைய பல் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்க்கவும்.

வெந்நீர், வாஷிங் மெஷின், பிளீச்சிங் பவுடர் மூன்றும் வேண்டாம். நைலான், பாலியஸ்டர் பைகள் பலவற்றின் உட்புறம் நீர் புகாதிருக்க மெல்லிய பூச்சு உண்டு. சூடும் முறுக்கலும் பட்டால் அது உரிந்துவிடும். பச்சைத் தண்ணீரில் கையால் அலசினால் போதும். வியர்வை உப்பு ஏறிய தோள்பட்டி வார்களை மட்டும் இருமுறை தேய்க்கவும்.

களத்தில் கொப்பரை காயப்போடுவதுபோல் விரித்துவிடாதீர்கள். கடும் வெயிலில் நைலான் நாளடைவில் நைந்துபோகும். ஜிப்புகளைத் திறந்து, தலைகீழாக நிழலில் தொங்கவிட வேண்டும். வாரின் உள்ளிருக்கும் பஞ்சு காய இரண்டு நாள்கூட ஆகலாம், அழுத்திப் பார்க்கவும்.

ஜிப் சிக்கினால் மெழுகுவர்த்தியைத் தேய்க்கலாம். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும்.

இப்போது நம் கடையில் பை இரண்டு. ஒன்று காயும்போது மற்றது லைனுக்குப் போகிறது.